பொருந்தாத மூன்று வரிசைகள்

நித்யா, சரவணன், திங்கட்கிழமை முதல் ஹார்டுவேர் கடை மாடியில் இருக்கும் அந்த மேசை உங்கள் இருவருக்கும். ஜன்னல் பக்கத்து நாற்காலி ஆடும். அட்டை ஒன்றை மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், பெருக்கும்போது எடுத்துவிடாதீர்கள். இருபத்தேழு வயதில் ஒருத்தி ரிட்டயர் ஆகிறாள் என்று ஜெபராஜ் அண்ணன் இந்த வாரம் முழுக்கக் கேலி செய்துகொண்டிருக்கிறார். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சேரப்போகிறேன். அங்கேயும் இதே வேலைதான். ஆனால் என் வரைபடத்தில் புள்ளியாக வருகிறவர்களின் வீட்டுக்கு பஸ் ஏறிப் போய் நிற்க வேண்டியிருக்காது. அதற்காகத்தான் போகிறாயா என்று கேட்காதீர்கள். நானே என்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

தொழிலைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். விவரத்தை ஷீட்டில் போட வேண்டும். அதை இணையத்தில் இருக்கும் வரைபடக் கருவியில் ஒட்ட வேண்டும். எந்த மாதிரிப் படம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அது தருகிற நாலு வரி எம்பெட் குறியீட்டை எடுத்து நம் செய்தி பிளாக்கில் ஒட்டினால், படிக்கிறவர் தொட்டுப் பார்க்கிற படம் தயார். புரோகிராம் ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டாம். எனக்கும் தெரியாது. நான் புள்ளியியல் படித்துவிட்டு, வேலை கிடைக்கிற வரைக்கும் என்று இந்த மாடிக்கு வந்தவள். முதல் படம் என் விரலுக்கு அடியில் விரிந்த அன்று, சாப்பிடவே மறந்துபோய்ச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அந்த வேகம் உங்கள் இருவரிடமும் இருக்கிறது, பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேகத்தில் நான் செய்த முதல் தவறு சின்னது. மழை வரைபடம் ஒன்று போட்டேன். ஊரைத் தொட்டால் நேற்று எவ்வளவு மழை என்று வரும். எல்லா ஊரிலும் மழைமானி கிடையாது. இல்லாத ஊருக்குப் பக்கத்து ஊர்க் கணக்கையே கருவி பரப்பிக்கொண்டது. நீலம் அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன். இரண்டாவது நாள் பொட்டிப்புரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார்.

“ஏம்மா, எங்க ஊர்ல நேத்து மழை பேஞ்சுச்சாமே?”

“ஆமாங்க, படத்துல இருக்கே.”

“படத்துலதான் பேஞ்சிருக்கு. அதப் பாத்துட்டு எம்மச்சான் போடியில இருந்தே போன் போட்டு, மோட்டரு போட வேணாம், ஈரமா இருக்கும்னு சொல்லிட்டான். இங்கன பயிரு தலையத் தொங்கப் போட்டுருக்கு. வந்து ஒங்க படத்தப் பிழிஞ்சு ஊத்துறியா?”

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டுத்தான் வைத்தார். ஜெபராஜ் அண்ணன் மட்டும் சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னார். அவரை உங்களுக்குத் தெரியும். கீழே அப்பாவின் கடையில் குழாயும் ஆணியும் விற்றுக்கொண்டே மேலே பிளாக் நடத்துகிறவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். “கட்டுரைய வாசிக்கிறவன் சந்தேகப்படுவான், மலரு. தொட்டுப் பாக்குறவன் சந்தேகப்பட மாட்டான். தொட்டதும் பதில் சொல்லுதுல்ல, அதான்.”

அது அப்போது எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

பிறகு ஜீப் வரைபடம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே வேலைக்கு வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஆனால் நீங்கள் பார்த்தது அதன் இரண்டாவது வடிவம்.

தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கம், மாநில எல்லை தாண்டி இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தினமும் காலையில் பெண்கள் ஜீப்பில் ஏறிப் போகிறார்கள், சாயங்காலம் இறங்கி வருகிறார்கள். உட்கார இடமிருக்கிற அளவுக்கு மட்டும் ஆள் ஏற்றுகிற ஜீப்பை நான் பார்த்ததில்லை. எப்போதாவது ஒன்று கவிழும். ஒரு நாள் செய்தி. மறுநாள் வேறு செய்தி. எங்கெங்கே கவிழ்ந்தது, யார் யார் இறந்தார்கள் என்று ஒரே இடத்தில் எங்கும் இல்லை. இதை வரைபடமாகப் போட்டால் எந்த வளைவில் தடுப்புச் சுவர் வேண்டும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்துவிடுமே என்று தேனி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எனக்குத் தோன்றியது. மறுநாளே விடிந்தும் விடியாமலும் தேவாரம் ஜீப் ஸ்டாண்டில் நின்றேன்.

தூக்குவாளியும் கையுமாக ஏழெட்டுப் பெண்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை.

“யாரு பிள்ள நீயி? கணக்கெடுக்க வந்துருக்கியா?”

“இல்லக்கா. கம்ப்யூட்டர்ல எழுதுறேன். ஜீப்பு எந்தெந்த வளைவுல கவுந்துருக்குன்னு ஒரு படம் போடப்போறேன். போன்ல புள்ளியத் தொட்டா யாரு, எந்த ஊருன்னு எல்லாம் வரும்.”

“கவுந்தவுக எந்திரிச்சு வருவாகளா அதுல?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆத்தாடி, என்னையப் போட்டுறாத. எம்மகனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்,” என்றார் இன்னொருவர்.

சிரிக்காமல் ஒருவர் மட்டும் பின்னால் நின்றார். நாற்பது வயது இருக்கும். “பேரு வருமா?” என்று கேட்டார்.

“வரும்க்கா.”

“பேருதானா? தொழிலாளின்னு இல்லாம?”

“பேருதான்க்கா. நீங்க சொல்ற மாதிரியே.”

ஜீப் ஹாரன் அடித்தது. “ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. ஈஸ்வரி வீடுன்னு கேளு,” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஈஸ்வரி அக்கா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய தங்கை பஞ்சவர்ணம். இருவரும் ஒரே ஜீப்பில் ஒரே தோட்டத்துக்குப் போனவர்கள். மேலே போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மண் சரிந்திருந்த இடத்தில் ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்தது. முழுக்கக் கவிழக்கூட இல்லை. பஞ்சவர்ணம் மட்டும் வெளியே விழுந்து இறந்துபோனாள். மற்ற எல்லோருக்கும் சிராய்ப்புதான்.

“இங்கனத்து பேப்பர்ல வரல. ஏன்னு கேட்டா, அது அங்கிட்டு நடந்ததும்மான்னு சொன்னாக. அங்கனத்து பேப்பர்ல வந்துச்சு. எங்க சூப்பர்வைசர்தான் வாசிச்சுச் சொன்னாக. எனக்கு மலையாளம் பேசத் தெரியும், எழுத்துத் தெரியாது. ‘தமிழ்நாட்டுத் தொழிலாளி’ன்னு போட்டுருந்துச்சு. அம்புட்டுதான். பேரு இல்ல.” முறத்தை ஒரு தட்டு தட்டினார். “பஞ்சவர்ணம். எழுதிக்க. மொத ஆளா எழுதிக்க.”

என் ஷீட்டின் முதல் வரிசை அது.

அடுத்த சில ஞாயிறுகளும் ஈஸ்வரி அக்காதான் என்னை வீடு வீடாகக் கூட்டிப்போனார். அவர் இல்லாமல் அந்த வரைபடம் இல்லை. அந்தப் பெண்களுக்குக் கொண்டை ஊசி வளைவுகளின் நம்பர் தெரியாது. எல்லா வளைவுக்கும் அவர்களாக வைத்த பெயர் உண்டு. குரங்கு வளைவு, டயர் வெடிச்ச வளைவு, மல்லிகா வளைவு. மல்லிகா அங்கே இறந்துபோனவர் என்று நினைத்து ஷீட்டில் ஏற்றப்போனேன். “அவ நல்லாத்தான் இருக்கா. டெய்லி அந்த வளைவுலதான் வாந்தி எடுப்பா,” என்றார் அக்கா. பெயர் தெரிந்தாலும் இடம் வேண்டுமே. அதனால் ஒரு நாள் அவர்களோடு நானும் ஜீப்பில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் இடத்தைக் குறிக்க போன் மேப்பில் ஒரு பின் போட்டுக்கொண்டே போவது என்று ஏற்பாடு.

அன்றுதான் அவர்களுடைய முறையைப் பார்த்தேன். ஜீப்பின் பின்பக்கம் திறந்துதான் இருக்கும். கடைசியாக உட்காருகிறவருக்குப் பாதி உடம்பு வெளியே. அந்த இடத்துக்கு ‘ஓரம்’ என்று பெயர். ஓரம் வாரத்துக்கு ஒருவர். சண்டை கிடையாது, சீட்டுக் குலுக்கல் கிடையாது, திங்கட்கிழமை காலையில் “இந்த வாரம் ஓரம் யாரு?” என்று கேட்பார்கள், முறைக்காரர் ஒன்றும் சொல்லாமல் கடைசியாக ஏறுவார். சனிக்கிழமை இறங்கியதும் அடுத்தவர் முறை. அன்று மல்லிகா முறை. “வாந்திக்கு வசதி,” என்றார் அவரே.

செக்போஸ்ட் தாண்டியது. அக்கா டிரைவர் தோளைத் தட்டினார். ஜீப் மெதுவானது. ஒரு சின்னப் பாலம், சுண்ணாம்பு அடித்த இரண்டு கல், கீழே ஏலச்செடி. “இங்கனதான்,” என்றார். நான் பின் போட்டேன்.

“விழுந்துருச்சா?”

“விழுந்துருச்சுக்கா.”

“பேரு?”

போனைத் திருப்பிக் காட்டினேன். சிவப்புப் பின், பக்கத்தில் பஞ்சவர்ணம் என்று தமிழில். ஜீப் குலுங்கியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, ஆடாமல் வைத்துப் பார்த்தார். “சரி, போலாம்,” என்று டிரைவரிடம் சொன்னார். சாயங்காலம் இறங்கும்போது என்னிடம், “ஒனக்குக் கல்யாணம் ஆனா மறக்காமச் சொல்லணும், வந்துருவேன்,” என்றார். அவர் என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசியது அன்று மட்டும்தான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து யாரோ ஒரு நிருபர் இதே ஜீப் விஷயத்தை விசாரிக்கிறார் என்று மல்லிகா போனில் சொன்னார். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. என் படம், என் யோசனை, எவனோ முந்திக்கொள்வதா? அடுத்த வாரம் போடலாம் என்றிருந்ததை அந்த வெள்ளிக்கிழமையே போட உட்கார்ந்தேன். கருவியில் மாவட்ட வாரியாகத் தயார் படங்கள் இருக்கும். தேனி மாவட்டத்தை எடுத்தேன். மலை நிழல் விழுந்து, பள்ளத்தாக்கு பச்சையாக, எல்லைக்கோடு மெல்லிய சாம்பல் நிறத்தில். பார்த்தாலே கட்டிக்கொள்ளத் தோன்றும். ஷீட்டை ஒட்டினேன். புள்ளிகள் ஒவ்வொன்றாக மலைமேல் விழுந்தன. அதற்கு மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்தது. ‘மூன்று வரிசைகள் இந்த வரைபடத்தோடு பொருந்தவில்லை.’ பக்கத்தில் இரண்டு பட்டன். ஒன்று ‘பார்’. இன்னொன்று ‘தொடர்’.

ஏதாவது காலி வரிசையாக இருக்கும் என்று நினைத்தேன். தலைப்பு வரிசை இரண்டு முறை வந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. நினைக்க வசதியாக இருந்தது, அவ்வளவே. ‘தொடர்’ அழுத்தினேன்.

ஜெபராஜ் அண்ணன் கீழே யாருக்கோ குழாய் அளந்துகொண்டிருந்தார். மாடிப்படியில் நின்று சத்தம் போட்டேன், பப்ளிஷ் பண்ணப்போகிறேன் என்று.

“எல்லாரும் வந்துட்டாகளா? புள்ளிய எண்ணிப் பாத்தியா?”

“எண்ணிட்டேன்.”

எண்ணவில்லை. நித்யா, சரவணன், எனக்கு நினைவு தெரிந்து நான் அந்த மாடியில் சொன்ன ஒரே பொய் அதுதான். சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் எண்ணியிருக்கலாம்.

படம் காட்டுத்தீயாகப் பரவியது. சனிக்கிழமை முழுக்க என் போன் சூடாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாரம் போனேன். ஈஸ்வரி அக்கா ஜீப் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்திருந்தார். குளித்து, தலையில் பூ வைத்து, தீபாவளிக்கு எடுத்த சேலை கட்டியிருந்தார். எனக்கு டீயும் வடையும் அவரே வாங்கி வந்தார்.

என் போன் கை மாறி மாறிப் போனது. ஒருவர் தன் சின்னம்மாவைக் கண்டுபிடித்தார். “ஏ இந்தா, எங்க சின்னம்மா! வயசுகூடப் போட்டுருக்கு பாருங்க!” பக்கத்தில் இருந்தவர் வாங்கி, குரங்கு வளைவைத் தொட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் வடையைத் தின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

அக்கா எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை கேட்கவில்லை. கடைசியாகத்தான் வாங்கினார். இரண்டு விரலால் விரித்து விரித்து மேலே போனார். மெட்டு வந்தது. இன்னும் மேலே தள்ளினார். சாம்பல் கோடு வந்தது. அதற்கு அப்பால் வெள்ளை.

“அங்கிட்டு ஒண்ணுமே இல்லையே, பிள்ள.”

வாங்கிப் பார்த்தேன். விரித்தேன். சுருக்கினேன். பக்கத்தை மறுபடி திறந்தேன். வெள்ளைதான். தேனி மாவட்டத்தோடு படம் முடிந்திருந்தது. மஞ்சள் பட்டை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காலி வரிசை இல்லை அது. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் இறந்த மூன்று பேர்.

“எங்க அண்ணியையும் காணோம்,” என்றார் மல்லிகா.

“நெட்டு சரியில்லையோ என்னமோ,” என்றார் டீக்கடைக்காரர், என்னைக் காப்பாற்ற.

“இல்லக்கா, அது... அந்தப் படம் நம்ம மாவட்டம் மட்டும்தான். அதுக்கு வெளிய இருக்கிறத கருவி...” நான் பேசப் பேச எனக்கே கேட்டது. பேப்பர்க்காரர்கள் சொன்ன அதே வார்த்தையைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அங்கிட்டு நடந்ததும்மா.

அக்கா கத்தவில்லை. “அன்னிக்கு ஒன் போன்ல விழுந்துச்சே,” என்றார். “நாந்தான் பாத்தேனே. கையப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தேனே.”

நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

“பேப்பர்க்காரனாச்சும் தொழிலாளின்னு ஒரு வார்த்த போட்டான்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தலையில் வைத்திருந்த பூவை நடந்துகொண்டே எடுத்து முந்தியில் முடிந்துகொண்டது எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்தே சரிசெய்துவிட்டேன். அதுதான் இந்தத் தொழிலின் வசதி, அதுதான் கேடும். மாவட்டப் படத்தை எடுத்துவிட்டு எல்லை இல்லாத சாலைப் படத்தைப் போட்டேன். மூன்று புள்ளிகளும் மலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தன. சின்னமனூர் வருவதற்குள் வேலை முடிந்தது. லிங்க் மாறவில்லை, தலைப்பு மாறவில்லை. யாருக்கும் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லவேளை என்றுகூட நினைத்தேன்.

மாடிக்குப் போய் ஜெபராஜ் அண்ணனிடம் எல்லாம் சொன்னேன், எண்ணாததையும் சேர்த்து.

“ஒரு வரி போடு. தப்பு நடந்துருச்சு, மூணு பேரு விட்டுப்போயிட்டாகன்னு.”

“அதான் சரி பண்ணிட்டேன்ல அண்ணே. இப்பப் பாக்குறவுகளுக்கு எல்லாரும் இருக்காக.”

தன் போனை எடுத்துக் காட்டினார். மூன்று குரூப்பில் என் பழைய படம். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே ரோஜாப்பூ போட்டு, ‘மலைப்பாதையில் நாம் இழந்த சொந்தங்கள்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். “இதப் போயி எப்பிடிச் சரி பண்ணுவ? இதத் தொட்டா பதில் சொல்லாது, மலரு. இதுல அந்தப் பொண்ணு கெடையாது. நீ சத்தமில்லாம மாத்திட்டா, நாளைக்கி அந்தக்கா எம் தங்கச்சிய விட்டுட்டாகன்னு சொன்னா அவுகளத்தான் பொய் சொல்றாகம்பாக.”

அதை நான் யோசித்திருக்கவில்லை. என் பெயர் கெட்டுவிடக்கூடாது என்பதோடு என் யோசனை நின்றுபோயிருந்தது. உட்கார்ந்து எழுதினேன். வெள்ளி முதல் ஞாயிறு மாலை வரை இந்த வரைபடத்தில் மூன்று பேர் இல்லை. அவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இறந்தவர்கள். கருவி எச்சரித்தும் பார்க்காமல் விட்டது இதைத் தயாரித்தவர் தவறு. அவர்கள் பெயர் இவை. என் பெயரையும் கீழே போட்டேன். அந்தக் குறிப்பு இன்றைக்கும் படத்துக்கு மேலேயே இருக்கிறது. சில பேர் குரூப்பில் மாற்றிப் போட்டார்கள். பல பேர் போடவில்லை. ரோஜாப்பூ படம் இப்போதும் எங்கிருந்தாவது திரும்பி வரும். வரும்போதெல்லாம் முதலில் என் விரல் அந்த வெள்ளைக்குத்தான் போகிறது.

அக்கா போனை எடுக்கவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு வியாழக்கிழமை காலையில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லோரும் ஏறியிருந்தார்கள். ஈஸ்வரி அக்கா ஓரத்தில் இருந்தார். அந்த வாரம் அவர் முறை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில், கை மேல்கம்பியில்.

“அக்கா, ஒரே ஒரு நிமிசம்.”

“ஜீப்பு கெளம்பப்போகுது.”

“கெளம்பாது, டிரைவரு டீ குடிக்கிறாக,” என்றார் உள்ளிருந்து மல்லிகா.

போனை நீட்டினேன். மெட்டைத் தாண்டி விரித்தே வைத்திருந்தேன். அக்கா கம்பியை விடாமல் இன்னொரு கையின் கட்டைவிரலால் புள்ளியைத் தொட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தொட்டார். வரவில்லை. ஏலக்காய் பறித்துப் பறித்துத் தேய்ந்து, வெடித்து, காய்ந்துபோன விரல் அது. கண்ணாடிக்கு அது விரலாகவே தெரியவில்லை. நானே தொட்டுக் காட்டலாமா என்று கை போனது, இழுத்துக்கொண்டேன். அவர் விரலை நாக்கில் வைத்து, முந்தியில் துடைத்து, அழுத்திப் பிடித்தார். பெட்டி விரிந்தது.

பஞ்சவர்ணம். தேவாரம். வயது. இடம்: செக்போஸ்ட் தாண்டி, சின்னப் பாலம்.

எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். வாசித்து முடித்தும் விரலை எடுக்கவில்லை.

“இதுக்குக் கீழ இன்னும் ஒரு வரி எடம் இருக்கா?”

“இருக்குக்கா. எவ்வளவு வேணும்னாலும் இருக்கு.”

உள்ளே எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“அன்னிக்கு ஓரம் எம்மொற. மொத நாளு எனக்குக் காச்சல். நீ உள்ள தள்ளி உக்காருக்கான்னு அவதான் கடைசியா ஏறுனா.” டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். “‘அக்கா மொறைக்கு ஏறுனவ’ன்னு போடு.”

அங்கேயே நின்று டைப் செய்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். ஜீப் கிளம்புவதற்குள் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது. முடியவில்லை. கிளம்பிவிட்டது. போனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன், அந்தத் தூரத்திலிருந்து என்ன தெரிந்திருக்கும்? அக்கா கம்பியைப் பிடித்தபடி ஒரு தடவை தலையை ஆட்டினார். எனக்கா, பள்ளத்தில் ஜீப் குதித்ததா, தெரியாது.

அதன்பிறகு அவர் எனக்கு ஒரு பெயரும் சொல்லவில்லை. புதிதாக ஒரு ஜீப் கவிழ்ந்தபோது நான் போய்க் கேட்டேன். “மல்லிகாகிட்டக் கேளு,” என்றார். கோபமாக இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வழி சொல்கிற மாதிரி. எனக்குக் கல்யாணம் நிச்சயமானதைப் போன மாதம் போய்ச் சொன்னேன். “சந்தோசம்,” என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

உங்களுக்கு அவர் சொல்லக்கூடும். போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் இருப்பார். என் பெயரைச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். கருவிகள் இன்னும் லேசாகிவிட்டன. நான் ஒரு நாள் எடுத்துச் செய்ததை நீங்கள் ஒரு டீ குடிப்பதற்குள் முடித்துவிடுகிறீர்கள். மஞ்சள் பட்டை இப்போதும் வரும். நிறம் மாறியிருக்கலாம், வார்த்தை மாறியிருக்கலாம். பொருந்தவில்லை என்று அது சொன்னால், பொருந்தாதது வரிசையா, நீங்கள் எடுத்த படமா என்று பாருங்கள். புள்ளி பெரிதாக இருக்கட்டும், தேய்ந்த விரலுக்கும் திறக்கிற மாதிரி. யாராவது படியில் நின்று எண்ணிவிட்டாயா என்று கேட்டால், இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எண்ணுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கருவிக்காரர்கள் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று ஒரு நாள் பழைய படங்கள் திறக்காது; கேட்டால் புது வடிவம் என்பார்கள். அதனால் தினமும் காலையில் மேசைக்கு வந்ததும் ஜீப் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மெட்டுக்கு மேலே போங்கள். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், சின்னப் பாலத்தின்மேல் இருக்கும் புள்ளியைத் தொடுங்கள். பெயர் வர வேண்டும். பெயருக்குக் கீழே அந்த வரியும் வர வேண்டும். வந்தால் உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.

வரவில்லை என்றால், அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை கிடையாது.